கடைசிப் பந்தில் புல்லாங்குழல்

எங்கள் வானொலி நிலையத்தில் ஒரு மெஷின் இருக்கிறது. பார்ப்பதற்குச் சாதுவான இரும்புப் பெட்டி. ஒலிபரப்பில் எட்டு வினாடி பேச்சுக்குரல் வராவிட்டால், லைன் அறுந்துவிட்டது என்று தானே முடிவு கட்டிக்கொண்டு ஒரு புல்லாங்குழல் இசையை எடுத்துவிடும். ஆரம்பித்துவிட்டால் ஒன்றரை நிமிடத்துக்கு யார் தலைகீழாக நின்றாலும் நிறுத்தாது. கைதட்டல், கூச்சல், காற்று எதுவும் அதற்குக் கணக்கில்லை. மனிதர் பேசவேண்டும். பத்து வருஷமாக அதனோடு ஒரே கட்டடத்தில் இருக்கிறேன், ஒருநாள்கூட நான் அதற்கு வேலை வைத்ததில்லை.

வைத்திருந்தால்தான் ஆச்சரியம். என் வாய் அப்படிப்பட்டது. என் வீட்டுக்காரர் சலூன் வைத்திருக்கிறார். நான் செய்தி வாசிக்கும்போது கடையில் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு, "இங்கயாவது சவுண்டக் குறைக்க ஒரு திருகு இருக்கு, வீட்டுக்குப் போனா அதுவும் இல்ல" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பாராம். சொல்லட்டும். மனுஷனுக்கும் ஏதாவது ஒரு சந்தோஷம் வேண்டாமா.

பத்து வருஷமும் நான் வாசித்தது வானிலை, சந்தை விலை, காணாமல் போனவர்கள். பத்து வருஷமும் நான் கேட்டது ஒன்றே ஒன்று. தேசிய பெண்கள் கிரிக்கெட் அணியின் ஆட்டங்களை நேரடியாக வர்ணிக்க விடுங்கள். ஒவ்வொரு தடவையும் நிலைய மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஒரே பதிலைச் சொல்வார்.

"பேசறதுக்கு அதுல என்னம்மா இருக்கு?"

எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறும். பத்தொன்பது வயது வரை நானும் மாகாண அணிக்கு ஆடியவள். எங்கள் ஆட்டங்களைப் பார்க்க வந்தவர் ஒரே ஒருவர், சைக்கிள் ஸ்டாண்ட் காவலாளி. அவரும் பாதி நேரம் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சைக்கிள்களைத்தான் பார்ப்பார். ஒருமுறை எழுபத்தெட்டு ரன் அடித்துவிட்டு வீட்டுக்கு வந்து சொன்னபோது, "யாரு பார்த்தா?" என்று என் அண்ணன் கேட்டான். கிண்டலுக்குத்தான் கேட்டான். ஆனால் அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

இந்த வருஷம் உலகக் கோப்பைக்கு எப்படியோ மேலிடம் தலையசைத்துவிட்டது. மேலாளர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"கடைசி வரைக்கும் போனா ஏழு ஆட்டம். போகமாட்டாங்க, அது வேற விஷயம். ஒரு தடவ புல்லாங்குழல் கேட்டுச்சுன்னா அத்தோட முடிஞ்சுதும்மா. 'பாத்தியா, பேச விஷயமில்லாமதான் நின்னு போச்சு'ன்னு மேல சொல்லுவாங்க. பெண்கள் ஆட்டமும் போகும், உங்க சீட்டும் போகும். அப்புறம் நீங்க மறுபடியும் சந்தை விலைதான்."

"என்னால எட்டு வினாடி சும்மா இருக்க முடியும்னு நினைக்கறீங்களா சார்?"

"அந்த நம்பிக்கையிலதான் அனுப்பறேன்" என்றார்.

எனக்குத் துணையாக வந்தவர் சித்தப்பா. யாருக்கும் சித்தப்பா இல்லை, நிலையத்தில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். பழைய ஆட்டக்காரர், புள்ளிவிவரமெல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பவர். எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். பந்து ஓடும்போது என் மைக் மட்டும்தான் திறந்திருக்கும். நான் மேசையை இரண்டு தட்டுத் தட்டினால்தான் அவர் தன் மைக்கைத் திறப்பார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் வீட்டில் கேட்பவர்களுக்குச் சண்டை மாதிரி இருக்கும் என்பது அவர் கருத்து. சரிதான்.

முதல் ஆட்டத்தில் நம் பெண்கள் செமத்தியாக உதை வாங்கினார்கள். நான் மைக்கிலேயே பொரிந்து தள்ளினேன். நெட்டை என்று எல்லாரும் கூப்பிடும் வேகப்பந்து வீச்சாளர் கைக்கு வந்த கேட்சை விட்டபோது, "என் வீட்டுக்காரர் ஒரு கையில கத்தியோட, மறு கையில இதப் பிடிச்சிருப்பார்" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை விடுதியில் டீ எடுக்க வரிசையில் நிற்கிறேன், பின்னாலிருந்து ஒரு குரல்.

"அக்கா, நேத்து ராத்திரி பஸ்ல டிரைவர் உங்க மறுஒலிபரப்ப வச்சாரு. நல்லாத் திட்டினீங்க."

திரும்பினால் அணித் தலைவி.

"உங்க வீட்டுக்காரர அனுப்பி வைங்க. ஸ்லிப்புல ஆள் தேவைப்படுது" என்றாள். முகத்தில் கோபமே இல்லை. பிறகு டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "திட்டறதுக்காவது கூடவே ஒருத்தர் வந்திருக்கீங்க. நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு நான் திட்டுவதைக் குறைத்துக்கொண்டேன். குறைத்துக்கொண்டேன் என்றுதான் சொன்னேன், நிறுத்தினேன் என்று சொல்லவில்லை.

இரண்டாவது ஆட்டத்தில் நெட்டை நான்கு ஓவர் போட்டாள், மூன்று விக்கெட். ஆட்டம் முடிந்து நான் படியிறங்கி வரும்போது, நடைபாதையில் ஒரு காலில் ஷூ இல்லாமல் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். வெள்ளைக் காலுறையின் நுனி சிவப்பாக இருந்தது. கட்டைவிரல் நகம் முதல் ஓவரிலேயே பெயர்ந்துவிட்டதாம்.

"வலிக்கலயாம்மா?"

"வலிக்குதுக்கா. ஆனா பந்து கையாலதான போடறோம்" என்று சொல்லிப் பாதிப் பழத்தை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

விக்கெட் கீப்பருக்குப் பூட்டு என்று பெயர், எதுவும் அவளைத் தாண்டிப் போகாது. பத்து மாதக் கைக்குழந்தைக்காரி. அவள் கணவர் குழந்தையை மார்பில் கட்டிக்கொண்டு உடைமாற்றும் அறைக்குப் பின்னால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருப்பார். இடைவேளை இருபது நிமிடம். மற்றவர்கள் தண்ணீர் குடித்தார்கள், இவள் பால் கொடுத்துவிட்டு, கால்காப்பு கட்டிக்கொண்டு வந்து நின்றாள். பிறகு நூற்றிருபது பந்துக்கு நூற்றிருபது தடவை உட்கார்ந்து எழுந்தாள். நான் பிள்ளை பெற்ற பத்தாம் மாதத்தில் சோபாவை விட்டு எழுந்திருக்க இரண்டு பேரைக் கூப்பிட்டவள். சித்தப்பா என்னவோ அவளுடைய ஸ்டம்பிங் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவள் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஆட்டம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் ஆடியதும் இவர்கள் ஆடுவதும் ஒன்றுதான், கூட்டம்தான் கூடியிருக்கிறது என்று நினைத்தேன். அது அப்படியில்லை என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் எனக்கு உறைத்தது. அரையிறுதியில் தலைவிக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஓடமுடியாது. ஓடமுடியாதவள் அடித்துத்தான் ஆகவேண்டும் என்று எதிரணிக்கும் தெரியும், விதி அனுமதிக்கிற அத்தனை பேரையும் எல்லைக்கோட்டில் நிறுத்திவிட்டார்கள். அவள் என்ன செய்தாள் தெரியுமா? பந்தை மெதுவாகத் தட்டிவிட்டு ஓடினாள். நொண்டி நொண்டி, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பதினொரு ரன். கடைசி ரன்னை முடித்தபோது கோட்டைத் தாண்டி அப்படியே குப்புறப் படுத்துவிட்டாள். நான் பேசிக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் என் குரல் உடைந்ததை நாடே கேட்டது. வீட்டுக்காரர் போன் செய்து, "நாற்காலியில உக்காந்திருந்தவரும் அழுதாரு. பாதி முடிதான் வெட்டியிருந்தேன், அப்படியே விட்டுட்டேன்" என்றார்.

ஆறு ஆட்டம் முடிந்தது. ஒருமுறைகூடப் புல்லாங்குழல் கேட்கவில்லை. இன்னும் ஒன்றுதான் பாக்கி.

இறுதி ஆட்டம் பகல் ஆட்டம். எதிரணி மூன்று தடவை கோப்பையைத் தூக்கியவர்கள். நம்மவர்கள் நூற்று முப்பத்தொரு ரன் எடுத்திருந்தார்கள். மேலாளர் காலையிலேயே போனில், "இன்னிக்கு மட்டும் தாண்டிட்டீங்கன்னா அடுத்த தொடர் உங்களுக்குத்தான். மேலயே சொல்லிட்டாங்க" என்றார். மேசையில் ஒரு தாளில் 'பேசு' என்று பெரிதாக எழுதி ஒட்டிக்கொண்டேன். சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு, "மீனுக்கு 'நீந்து'ன்னு எழுதி வச்ச மாதிரி இருக்கு" என்றார்.

கடைசி ஓவர் நெட்டை. கடைசிப் பந்து. நான்கு ரன் எடுத்தால் அவர்களுக்குக் கோப்பை.

களத்தில் இடதுபுறம் உள்வட்டத்தில் நின்றவளை அணியில் தூங்குமூஞ்சி என்பார்கள். பஸ்ஸில் தூங்குவாள், படியில் உட்கார்ந்தால் தூங்குவாள், தேசிய கீதத்தின்போதே கண் சொருகுகிற மாதிரி இருக்கும். அவளுக்குப் பின்னால் எல்லைக்கோடு வரை ஆளே கிடையாது, வெறும் புல். அங்கே அடித்தால் ஆட்டம் முடிந்தது என்று நான் நேயர்களுக்குச் சொல்லி வாய் மூடவில்லை, நெட்டை ஓடத் தொடங்கினாள்.

"நெட்டை ஓடி வர்றாங்க, வலக்கை மேல போகுது, பந்து..."

பந்து அவள் கையை விட்டிருந்தது. மட்டையில் இன்னும் படவில்லை. அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில், தூங்குமூஞ்சி ஆட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி எல்லைக்கோட்டை நோக்கி ஓட ஆரம்பித்துவிட்டாள்.

ஓடுகிறாளே, பந்து இன்னும் அடிக்கப்படவே இல்லையே என்று மனசு கேட்டது. அதற்குள் மட்டையில் டக்கென்று சத்தம். பந்து வானத்துக்குப் போயிற்று. எங்கே போகும் என்று அண்ணாந்து பார்த்தால், அவள் ஓடிக்கொண்டிருக்கும் பக்கம்தான் போகிறது. அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, பின்னலை முதுகில் அடிக்கவிட்டு, வீட்டில் அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவள் மாதிரி ஓடினாள். பந்து அவளுக்கு மேலே வந்து, அவளைத் தாண்டப் போகிற நேரத்தில்தான் தலையைத் தூக்கினாள். இடது தோளுக்கு மேலாக இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பாய்ந்தாள். விழுந்தாள். இரண்டு உருள் உருண்டு, கோட்டுக்கு ஒரு முழம் இந்தப் பக்கம், முகம் புல்லில் புதைய அப்படியே கிடந்தாள்.

கையில் இருக்கிறதா இல்லையா, யாருக்கும் தெரியவில்லை. நடுவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். நெட்டை இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு புல்லிலிருந்து ஒரு கை எழுந்தது. கையில் பந்து.

அந்த நொடியில் என் ஹெட்போனில் புல்லாங்குழல் ஆரம்பித்தது.

எனக்கு அது என்னவென்றே முதலில் புரியவில்லை. இந்தக் காட்சிக்கு யாரோ பொருத்தமாகத்தான் வாசிக்கிறார்கள் என்று தோன்றியது. சத்தியமாகச் சொல்கிறேன், அப்படித்தான் தோன்றியது. பிறகுதான் உறைத்தது. பந்து என்ற சொல்லுக்குப் பிறகு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. மேசையைத் தட்டவுமில்லை. சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தால், மனுஷன் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டிருக்கிறார். எழுந்த வேகத்தில் ஹெட்போன் வயர் பிடுங்கிக்கொண்டு அவர் கழுத்தில் தொங்குகிறது. கீழே பதினோரு பெண்களும் ஒரே குவியலாகக் கிடந்தார்கள். நாடு புல்லாங்குழல் கேட்டுக்கொண்டிருந்தது. ஒன்றரை நிமிடம். நான் மைக்கில் கத்தியது யாருக்கும் போகவில்லை.

செல்போன் அதிர்ந்தது. வீட்டுக்காரர்.

"என்னாச்சு உனக்கு? நல்லாருக்கியா? நீ பேச்ச நிறுத்திட்ட. உனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு கத்தியக் கீழ போட்டுட்டேன்."

"நல்லாருக்கேங்க. ஜெயிச்சிட்டோம்."

"அதக் கேக்கலடி" என்றார்.

வெற்றி விழாவில் தூங்குமூஞ்சியிடம் எல்லாரும் கேட்டார்கள், எப்படி முன்கூட்டியே ஓடினாய் என்று. "அடிக்கறவங்களோட முன்தோள் திறந்துச்சு. அப்ப அங்கதான் வரும்" என்று சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டாள். இவர்களுக்காகப் பத்து வருஷம் மல்லுக்கட்டி வாங்கியதை, இவர்களைப் பார்த்து வாயடைத்துப் போயே தொலைத்துவிட்டேன். வேறு யாராவது செய்திருந்தால் மென்று தின்றிருப்பேன்.

மறுநாள் காலை மேலாளர் அறை. அவர் கண்கள் சிவந்திருந்தன. நேற்றிலிருந்து போன் ஓயவில்லையாம். மேசைமேல் விளக்கப் படிவம். 'காரணம்' என்ற இடத்தில் 'லைன் கோளாறு' என்று அவரே எழுதி வைத்திருந்தார்.

"நான் பொய் எழுதறவன் இல்லம்மா. ஆனா எழுதியாச்சு. பதிவு அறையில வீடியோ ஓடும், நீங்க அந்த விட்டுப்போன இடத்த இப்பப் பேசிக் குடுங்க. நீங்க பேசிட்டுத்தான் இருந்தீங்கன்னு ஒட்டி அனுப்பிடலாம். தலை தப்பும்."

"நீங்க அந்த கேட்சப் பாத்தீங்களா சார்?"

"எங்கம்மா பாக்கறது. போன வச்சாத்தான?"

எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்கிறதா இல்லையா என்று பார்க்கும் நிலையில் நான் இல்லை. பதிவு அறைக்குப் போனோம். இன்ஜினியரம்மா வீடியோவை ஓடவிட்டார். மேலாளர் ஸ்டாப்வாட்சோடு என் பக்கத்தில் நின்றார். விளக்கு சிவப்பானது.

"நெட்டை ஓடி வர்றாங்க, வலக்கை மேல போகுது, பந்து..."

அவள் திரும்பி ஓட ஆரம்பித்தாள். என்ன சொல்லவேண்டும் என்று இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். 'மின்னல் வேகம்', 'கழுகுப் பார்வை' என்று என்னென்னவோ. ஒன்றுகூட வாயில் வரவில்லை. எல்லாமே அவளுக்குச் சின்னதாக இருந்தன. புல்லிலிருந்து கை எழும்வரை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேலாளர் திட்டப் போகிறார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

திட்டு வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். வாய் பாதி திறந்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ஸ்டாப்வாட்ச் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"பத்தொன்பது வினாடி சார்" என்றார் இன்ஜினியரம்மா. "அவங்களும் பேசல, நீங்களும் நிறுத்தச் சொல்லல."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

"அடிக்கறதுக்கு முன்னாடியே ஓடுதும்மா அந்தப் பொண்ணு."

"ஆமா சார்."

"இன்னொரு தடவ போடுங்க" என்றார்.

மூன்று தடவை பார்த்தோம். மூன்றாவது தடவை சிவப்பு விளக்கை யாரும் போடவே இல்லை. பிறகு அவர் அங்கேயே நின்றபடி படிவத்தை எடுத்து 'லைன் கோளாறு' என்பதை அடித்தார். அதற்குக் கீழே எழுதினார்: 'பேச முடியவில்லை. இத்துடன் உள்ள வீடியோவைப் பார்க்கவும்.' எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் பெயரை எங்கும் போடவில்லை, தன் பெயரை மட்டும் போட்டார். இருபத்தாறு வருஷ சர்வீஸில் அவர் மேலிடத்துக்கு அப்படி ஒரு வரி எழுதியிருக்க மாட்டார்.

"சார், உங்களுக்கு ஏதாவது..."

"எனக்கு என்ன ஆகும்? என்னையும் சந்தை விலை வாசிக்க விடுவாங்க" என்றார்.

மதியம் வரை அவர் அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டு டீ ஆறிப்போயின. மூன்று மணிக்குப் பதில் வந்தது. அவர் படித்துவிட்டுத் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். இரண்டே வரி.

'பார்த்தோம்.

அடுத்த தொடரையும் ஒலிபரப்பவும்.'

"நல்ல செய்திதானம்மா, எதுக்கு அழறீங்க?" என்றார் மேலாளர்.

எங்களுக்கு வேண்டியது இரண்டாவது வரிதான். அது எனக்கும் தெரியும். ஆனால், 'யாரு பார்த்தா?' என்று அண்ணனிடம் கேள்வி வாங்கிய நான் முதல் வரியைத் தாண்டவே இல்லை. அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.